விமானி வேலைக்கான நேர்முகத் தேர்வும் சிமுலேட்டர் மதிப்பீடும்: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சீனக்குடாவிலிருந்து எழும்பும் பயிற்சி விமானங்கள் தம்பலகாமக் குடாவுக்கு மேலாக வட்டமிடுவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் திருகோணமலையில் பலர். அவர்களுள் சிலர் இரத்மலானையிலோ வெளிநாட்டிலோ பயிற்சி முடித்து, வணிக விமானி அனுமதிப்பத்திரத்துடன் வீடு திரும்பியிருக்கிறார்கள். நான் துணை விமானியாகப் பணிபுரிகிறேன். விடுமுறையில் உப்புவெளிக்கு வரும்போதெல்லாம் அவர்களும் அவர்களுடைய பெற்றோரும் என்னிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால், அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

அண்ணா, லைசன்ஸ் கையில் இருக்கிறது. பிறகு எதற்கு இன்னொரு பரீட்சை?

அனுமதிப்பத்திரம் என்பது, சட்டப்படி நீங்கள் பறக்கத் தகுதி பெற்றவர் என்பதற்கான சான்று. சர்வதேச விதிகளின்படி 18 வயது நிறைந்து, 200 மணித்தியாலம் பறந்தவர், அல்லது அங்கீகரிக்கப்பட்ட ஒருங்கிணைந்த பயிற்சியில் 150 மணித்தியாலம் பறந்தவர், அதைப் பெறலாம். அந்த மணித்தியாலங்களில் பெரும்பகுதி செஸ்னா 152 போன்ற சிறிய விமானங்களில் கழிந்திருக்கும். அதன் அதிகபட்ச எடை 757 கிலோ. ஏ320 பயணிகள் விமானமோ ஏறத்தாழ 78 தொன் எடையுடன் புறப்படக்கூடியது, அதாவது நூறு மடங்குக்கும் சற்று அதிகம்.

நிறுவனம் அறிய விரும்புவது வேறு. இவரைப் பெரிய விமானத்துக்குப் பழக்கினால் குறித்த காலத்துக்குள் கற்றுக்கொள்வாரா, சொன்ன திருத்தத்தை அடுத்த முறையே செய்வாரா, இன்னொருவருக்குப் பக்கத்தில் அமர்ந்து வேலை செய்யக்கூடியவரா என்ற மூன்றுக்கும் அனுமதிப்பத்திரத்தில் விடை இல்லை.

நேர்முகமும் சிமுலேட்டரும் ஒரே நாளிலா நடக்கும்?

நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடும். பொதுவாக விண்ணப்பப் பரிசீலனை, கணினியில் எழுத்துப் பரீட்சையும் திறனறிவும், குழுப் பணி, நேர்முகம், சிமுலேட்டர் (நிலத்தில் இருந்தபடியே பறத்தலைப் பாவனை செய்யும் இயந்திரம்), இறுதியாக மருத்துவம் என்ற ஒழுங்கில் நடைபெறும். சிமுலேட்டருக்கு மணித்தியாலக் கணக்கில் பெருந்தொகை செலவாவதால், முதல் கட்டங்களில் தேறியவர்களையே அதற்குள் அனுப்புவார்கள்.

என்னென்ன பத்திரங்கள் கொண்டுபோக வேண்டும்?

அனுமதிப்பத்திரம், முதலாம் வகுப்பு மருத்துவச் சான்று, ஆங்கிலத் தேர்ச்சிப் பதிவு, கடவுச்சீட்டு, சாதாரண தரம், உயர்தரச் சான்றிதழ்கள், பறத்தல் பதிவேடு ஆகியவற்றின் மூலப் பிரதிகளையும் இரண்டு தொகுதி நகல்களையும் எடுத்துச் செல்லுங்கள். இவற்றுள் பதிவேடே மிகுந்த கவனத்தைக் கோருவது. ஒவ்வொரு பக்கத்தின் கூட்டுத்தொகையையும் முதல் பக்கத்திலிருந்து மறுபடி கூட்டிப் பாருங்கள். விண்ணப்பத்தில் 212 மணித்தியாலம் என்று எழுதிவிட்டுப் பதிவேட்டில் 207 என்று இருந்தால், நேர்முகத்தின் முதல் பத்து நிமிடம் அந்த ஐந்து மணித்தியாலத்தைப் பற்றியே போய்விடும்.

நான் தமிழ் மீடியம். ஆங்கிலத்தில் யோசித்துப் பேசுவதற்குள் நேரம் போய்விடுகிறது. என்ன செய்வது?

ஆங்கிலத் தேர்ச்சிக்குச் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு ஆறு படிநிலைகளை வகுத்துள்ளது. பன்னாட்டு வானில் ரேடியோவில் பேசுவதற்கு நான்காம் படியாவது வேண்டும். அந்தப் படியில் எதிர்பார்க்கப்படுவது தெளிவும், புரியாதபோது திருப்பிக் கேட்கும் பழக்கமுமே. வெள்ளைக்காரரின் உச்சரிப்பை யாரும் உங்களிடம் எதிர்பார்ப்பதில்லை. ரேடியோ உச்சரிப்பில் மூன்றை "ட்ரீ" என்றும், ஐந்தை "ஃபைஃப்" என்றும், ஒன்பதை "நைனர்" என்றும் சொல்ல வேண்டும் என்று விதித்திருப்பதே, பல மொழி பேசுபவர்களும் ஒருவரையொருவர் பிழையின்றி விளங்கிக்கொள்ள வேண்டும் என்பதற்காகத்தான்.

நம்மவர்களிடம் நான் அதிகம் காண்பது இலக்கணப் பிழையைவிட, பயத்தினால் வரும் வேகம். ஒரு வாக்கியத்தை முடித்து, மூச்செடுத்து, அடுத்ததைத் தொடங்குங்கள். நேர்முகத்துக்கு முந்திய ஒரு மாதம், அன்று செய்த ஏதேனும் ஒரு வேலையை இரண்டு நிமிடம் ஆங்கிலத்தில் விவரித்துக் கைத்தொலைபேசியில் பதிவு செய்து கேட்டுப் பாருங்கள். கந்தளாய்க்குப் போய்வந்த கதையாக இருந்தாலும் போதும்.

டெக்னிக்கல் கேள்விகள் எவ்வளவு ஆழமாக வரும்?

பரப்பளவில் அகலமாகவும், நீங்கள் தடுமாறும் இடத்தில் ஆழமாகவும் வரும். "வீ-வன் வேகம் என்றால் என்ன?" என்று தொடங்குவார்கள். புறப்பாட்டைக் கைவிடுவதாக இருந்தால் அதற்கான முதல் செயலை அந்த வேகத்துக்குள் எடுத்துவிட வேண்டும், அதற்கு மேல் புறப்பாட்டைத் தொடர வேண்டும் என்று சொல்வீர்கள். உடனே, ஓடுபாதை நனைந்திருந்தால் அந்த வேகம் கூடுமா குறையுமா என்று அடுத்த கேள்வி வரும். நனைந்த தரையில் நிற்பதற்குக் கூடுதல் தூரம் தேவைப்படுவதால் பொதுவாகக் குறையும். காரணத்துடன் சொல்லப்படும் விடைக்கே மதிப்பு.

நம் ஊரையே உதாரணமாக வைத்துப் படித்தால் மனத்தில் நிற்கும். சீனக்குடா ஓடுபாதை கடல்மட்டத்திலிருந்து சில அடி உயரத்தில்தான் இருக்கிறது. ஆடி மாதத்தில் கச்சான் வீசும் பகலில் வெப்பநிலை 35 பாகை என்று வைத்துக்கொள்ளுங்கள். கடல்மட்டத்தில் நியம வெப்பநிலை 15 பாகை என்பதால் 20 பாகை அதிகம். ஒரு பாகைக்கு ஏறத்தாழ 120 அடி என்று கணக்கிட்டால், நிலத்தில் நிற்கும் விமானத்துக்கு அது 2,400 அடி உயரத்துக் காற்றுப்போல இருக்கும். இறக்கைக்குத் தூக்கும் விசை குறையும், எஞ்சினுக்கு உந்து விசை குறையும், ஓட வேண்டிய தூரம் கூடும். அந்த ஓடுபாதை 06, 24 என்ற திசைகளில், சுமார் 2,400 மீட்டர் நீளத்துக்கு அமைந்திருக்கிறது. வாடைக் காலத்தில் ஒரு முனையும் கச்சான் காலத்தில் மறுமுனையும் காற்றை எதிர்கொள்ளும். கச்சான் 270 பாகையிலிருந்து 20 நொட் (மணிக்கு 20 கடல் மைல்) வீசினால், 240 பாகையை நோக்கும் 24 ஓடுபாதைக்கு அது 30 பாகை சாய்வு. 30 பாகைக்குப் பாதி என்பது மனக்கணக்கு, ஆகவே குறுக்குக் காற்று 10 நொட், எதிர்க்காற்று ஏறக்குறைய 17 நொட். இப்படிப் பட்டென்று சொல்லக்கூடியவரை மேசைக்கு அப்பால் இருப்பவர் நிமிர்ந்து பார்ப்பார்.

தெரியாத கேள்விக்குத் "தெரியாது, இந்தப் புத்தகத்தில் பார்ப்பேன்" என்று சொல்வது குற்றமாகாது. ஊகத்தை உறுதிபோலச் சொல்வதுதான் அவர்களைக் கவலைப்படுத்தும்.

"நீங்கள் விட்ட பிழை ஒன்றைச் சொல்லுங்கள்" என்று கேட்டால் எதைச் சொல்வது?

உண்மையில் நடந்ததைச் சொல்லுங்கள். "நான் அதிகமாக உழைப்பதே என் குறை" என்ற வகை விடைகளை அவர்கள் ஆயிரம் முறை கேட்டிருப்பார்கள். தனியாகப் பறந்த நாளில் எரிபொருளைக் கணித்ததில் பிழை, மூடுபனியில் திரும்பி வரத் தாமதித்தது, ஆசிரியரின் திருத்தத்தை ஏற்காமல் வாதாடியது என ஏதேனும் ஒன்று எல்லோரிடமும் இருக்கும். என்ன நடந்தது, அந்த நேரத்தில் என்ன நினைத்தீர்கள், அதன் பிறகு உங்கள் பழக்கத்தில் எது மாறியது என்று சொல்லுங்கள். மூன்றாவது பகுதிதான் அவர்களுக்கு வேண்டியது.

சிமுலேட்டருக்குள் போனால் என்னதான் செய்யச் சொல்வார்கள்?

ஆறு கால்களின் மேல் நிற்கும் ஒரு பெரிய பெட்டி அது. உள்ளே உண்மையான விமானி அறை இருக்கும். பின்னால் மதிப்பீட்டாளர் அமர்ந்திருப்பார். புறப்பாடு, நேராகவும் மட்டமாகவும் பறத்தல், குறித்த வேகத்துக்குக் கூட்டுதல், குறைத்தல், 45 பாகைச் சரிவில் செங்குத்துத் திருப்பம், காத்திருப்பு வட்டம், ஐ.எல்.எஸ். (ஓடுபாதைக்கு வழிகாட்டும் ரேடியோ முறை) வழிகாட்டலில் இறங்குமுகம், கோ-அரவுண்ட் (இறங்காமல் மீண்டும் மேலே ஏறுதல்), மீண்டும் இறங்குதல் என்ற அளவில் பெரும்பாலானவை அமையும். ஓட்டோ பைலட்டையும், எப்படிப் பறக்க வேண்டும் என்று திரையில் காட்டும் பிளைட் டிரெக்டரையும் அணைத்துவிட்டு, கருவிகளின் வெறும் அளவீடுகளை மட்டும் பார்த்துப் பறக்கச் சொல்வார்கள்.

செங்குத்துத் திருப்பத்தில் பலர் உயரத்தை இழப்பதற்குக் காரணம் தெளிவானது. 45 பாகைச் சரிவில் விமானத்தின் பாரம் 1.41 மடங்காகிறது. 30 பாகையைக் கடக்கும்போதே மூக்கைச் சற்று உயர்த்தி, உந்து விசையைச் சிறிது கூட்டினால் உயரம் நிற்கும். திருப்பத்திலிருந்து வெளிவரும்போது அதே இரண்டையும் திரும்ப எடுத்துவிட வேண்டும். மறந்தால் விமானம் மேலே ஏறிவிடும். காத்திருப்பு வட்டத்துக்கு, 14,000 அடி வரை வெளிச்செல்லும் பகுதி ஒரு நிமிடம், அதற்கு மேல் ஒன்றரை நிமிடம். நுழையும் முறையைக் கையில் ஒரு பென்சிலால் வரைந்து, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

இவற்றில் ஊசி நுனி பிசகாமல் பறப்பவர் அரிது. உயரம் 100 அடி பிசகியதும் "உயரம், திருத்துகிறேன்" என்று சொல்லி மெதுவாகத் திருத்துபவரையும், பிசகியதையே காணாதவரையும் மதிப்பீட்டாளர் வேறுபடுத்திக் குறித்துக்கொள்வார். முதல் சுற்றில் அவர் சொன்ன திருத்தம் இரண்டாம் சுற்றில் தெரிகிறதா என்பதற்குத் தனிப் பத்தியே அவருடைய தாளில் இருக்கும்.

பிச், பவர் என்று எல்லாரும் சொல்கிறார்களே. அதை எப்படி மனப்பாடம் செய்வது?

மூக்கு எத்தனை பாகை உயர்ந்திருக்கிறது, எஞ்சின் எத்தனை வீதம் உழைக்கிறது என்ற இரண்டும் தெரிந்தால், வேகமும் உயரமும் தாமாகவே அமையும். மட்டமாக 250 நொட், இறங்குமுகத்தில் இறங்கு சக்கரம் கீழே, கோ-அரவுண்ட் எனப் பத்துச் சேர்க்கைகளுக்கு மேல் தேவைப்படாது. எண்கள் விமான வகைக்கும் எடைக்கும் ஏற்ப மாறுவதால், உங்களுக்கு எந்தச் சிமுலேட்டர் என்று அழைப்புக் கடிதத்தில் பார்த்து, அதற்குரிய எண்களைப் படியுங்கள். உள்ளே சென்றபின் முதல் மட்டப் பறத்தலில் விமானம் அமைதியானதும், கருவியில் தெரியும் இரண்டு எண்களையும் பார்த்து மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு அதுதான் உங்கள் அட்டவணை.

இது பரீட்சைக்கான உத்தி மட்டுமல்ல. 2009 ஜூன் 1ஆம் திகதி அட்லாண்டிக் கடலில் விழுந்த ஏர் பிரான்ஸ் 447 விமானத்தில், பனிக்கட்டியால் வேகமானிகள் சிறிது நேரம் பிழைகாட்டியபோது மூக்கு உயர்த்தப்பட்டது, விமானம் தூக்கு விசை இழந்தது, 228 பேர் இறந்தனர். வேகம் நம்பமுடியாதபோது என்ன செய்வது என்பதற்கு ஏ320 விமானிகள் இன்றும் மனப்பாடமாக வைத்திருப்பது பிச்சும் பவருமே: புறப்பாட்டின் தொடக்கத்தில் 15 பாகையும் முழு விசையும், விசை குறைத்த பின் 10,000 அடி மட்டம் வரை 10 பாகையும் ஏறு விசையும், அதற்கு மேல் 5 பாகையும் ஏறு விசையும்.

இறங்குமுகத்துக்கு இரண்டு கணக்குகள் போதும். இழக்க வேண்டிய உயரத்தை ஆயிரத்தில் எடுத்து மூன்றால் பெருக்கினால் எத்தனை கடல் மைலுக்கு முன் இறங்கத் தொடங்குவது என்று வரும். 10,000 அடிக்கு 30 மைல். நிலத்தின்மீதான வேகத்தை ஐந்தால் பெருக்கினால் மூன்று பாகைச் சரிவில் நிமிடத்துக்கு எத்தனை அடி இறங்குவது என்று வரும். 140 நொட்டுக்கு 700 அடி.

சிமுலேட்டர் வாடகைக்கு எடுக்க வசதியில்லை. வீட்டில் இருந்தே பழகலாமா?

பழகலாம், நானும் அப்படித்தான் பழகினேன். விமானி அறையின் படத்தை உண்மை அளவில் பல தாள்களில் அச்சிட்டு, எங்கள் வீட்டு விறாந்தைச் சுவரில் ஒட்டினேன். முன்னால் இரண்டு பிளாஸ்டிக் கதிரைகள். இடப்பக்கக் கதிரையில் உயர்தரம் படித்துக்கொண்டிருந்த என் தங்கை அமர்ந்து சரிபார்ப்புப் பட்டியலை வாசிப்பாள். நான் ஒவ்வொரு பொத்தானிலும் விரலை வைத்து விடை சொல்வேன். மூன்று வாரத்தில், நான் விரல் வைக்காமல் விடை சொன்னால் அவள் நிறுத்திவிடுவாள்.

கணினியில் பறத்தல் விளையாட்டும் கைகொடுக்கும், ஆனால் ஓர் எல்லைக்குள். கருவிகளைச் சுற்றி வரும் கண்ணின் ஒழுங்கை அது பழக்கும். கண் ஒவ்வொரு கருவிக்கும் போய், விமானத்தின் சாய்வைக் காட்டும் கிடைமட்டக் காட்டிக்கே திரும்பி வர வேண்டும். கையின் உணர்வை அது தராது. வசதி செய்துகொள்ள முடிந்தால், மதிப்பீட்டுக்கு முந்திய வாரத்தில் இரண்டு மணித்தியாலமாவது உண்மையான சிமுலேட்டரில் அமர்ந்து பாருங்கள். அதுவும் நீங்கள் மட்டும் செல்லாமல், விண்ணப்பித்திருக்கும் இன்னொருவருடன் செலவைப் பகிர்ந்து சென்றால், அவர் பறக்கும்போது பக்கத்தில் இருந்து உதவும் பழக்கமும் கிடைக்கும்.

டேக்-ஓஃபில் ஒரு எஞ்சின் நின்றால் முதலில் எதைச் செய்ய வேண்டும்?

விமானத்தை நேராக வைத்திருக்க வேண்டும். இடது எஞ்சின் நின்றால் மூக்கு இடப்பக்கம் திரும்பும், வலது காலால் சுக்கானை அழுத்தி நேராக்குங்கள். ஏறத் தொடங்கியது உறுதியானதும் சக்கரங்களை உள்ளே எடுக்கச் சொல்லுங்கள். குறைந்தது 400 அடி வரை வேறெதையும் தொடாமல் பறப்பதே பொது நடைமுறை. பறத்தல் முதலில், வழி அடுத்தது, பேச்சு மூன்றாவது. எச்சரிக்கை மணி அடிக்கும்போது அதை நிறுத்துவதற்கே கை ஓடும். அந்தக் கையை அடக்குவதைத்தான் விறாந்தைக் கதிரையில் பழக வேண்டும்.

பக்கத்தில் இருப்பவர் மூத்தவர். அவர் பிழை விட்டால் எப்படிச் சொல்வது?

இந்தக் கேள்விக்கு நான் மற்றவற்றைவிட நீளமாக விடை எழுதுவதற்குக் காரணம், என் முதல் மதிப்பீட்டில் நான் தோற்றது இதனால்தான். வெளிநாட்டில் ஒரு நிறுவனம். எனக்குப் பக்கத்தில் என்னைவிடப் பத்து வயது மூத்த விண்ணப்பதாரர் பறந்துகொண்டிருந்தார். 4,000 அடிக்கு இறங்கும்படி கட்டுப்பாட்டு நிலையம் சொன்னது. அவர் 3,000 என்று அமைத்தார். எனக்குக் கேட்டது, கண்ணாலும் கண்டேன். ஒருவேளை நான்தான் பிழையாகக் கேட்டேனோ, இவ்வளவு அனுபவம் உள்ளவரை நான் எப்படித் திருத்துவது என்று எண்ணிக்கொண்டிருந்தேன். 3,800 அடியில் மதிப்பீட்டாளர் சிமுலேட்டரை நிறுத்தினார். "உங்களுக்குக் கேட்டதா?" என்றார். கேட்டது என்றேன். "ஏன் சொல்லவில்லை?" என்றார். என்னிடம் விடை இருக்கவில்லை.

பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். அது நல்ல வளர்ப்பு, வீட்டில் அதை நான் இன்றும் கடைப்பிடிக்கிறேன். விமானி அறையில், கண்டதைச் சொல்வதே பக்கத்தில் இருப்பவருக்குச் செய்யும் மரியாதை. 1977 மார்ச் 27ஆம் திகதி ஸ்பெயினின் டெனெரிஃபே தீவில் இரண்டு 747 விமானங்கள் மோதி 583 பேர் இறந்தனர். ஓடத் தொடங்கிவிட்ட விமானத்தின் பொறியாளர், மற்ற விமானம் ஓடுபாதையை விட்டு விலகவில்லையோ என்று சந்தேகத்தை எழுப்பினார். கப்டன் அதை ஒரு சொல்லில் ஒதுக்கிவிட்டார். அதன் பிறகு யாரும் கேட்கவில்லை. அடுத்த ஆண்டு அமெரிக்காவின் போர்ட்லண்டில் சக்கரக் கோளாற்றை ஆராய்ந்துகொண்டே எரிபொருள் தீர்ந்து ஒரு விமானம் விழுந்தது. இத்தகைய விபத்துகளிலிருந்தே, குழுவாகச் செயற்படும் முறையை விமானிகளுக்குப் பாடமாகக் கற்பிக்கும் வழக்கம் 1981 முதல் வளர்ந்தது.

சொல்லும் முறைக்கு ஏணிப்படி உண்டு. முதலில் கண்டதை மட்டும் சொல்லுங்கள்: "கப்டன், நமக்குத் தந்தது 4,000." அவர் கவனிக்காவிட்டால் என்ன செய்யலாம் என்று சொல்லுங்கள்: "4,000இல் நிறுத்துவோம், நான் மீண்டும் கேட்கிறேன்." அதற்கும் அசையாவிட்டால், "கப்டன், இப்போதே மட்டமாக்குங்கள்" என்று உரத்துச் சொல்லுங்கள். கடைசியில் கட்டுப்பாட்டை எடுத்துக்கொள்வதாக அறிவித்து எடுத்துக்கொள்ளுங்கள். மதிப்பீட்டில் பெரும்பாலும் முதல் படியே போதும். சில இடங்களில் பக்கத்தில் இருக்கும் பயிற்றுநர் வேண்டுமென்றே பிழை விடுவார், நீங்கள் எத்தனை படி ஏறுவீர்கள் என்று பார்ப்பதற்காக.

நானே பிழை விட்டு, அவர்கள் கவனிக்காவிட்டால், பேசாமல் விடலாமா?

அவர்கள் கவனித்திருப்பார்கள். பின்னால் இருக்கும் திரையில் நீங்கள் பறந்த கோடு முழுவதும் தெரியும். கவனிக்கவில்லை என்றே வைத்துக்கொண்டாலும், "வேகம் 10 நொட் குறைந்துவிட்டது, கூட்டுகிறேன்" என்று சொன்னால் பக்கத்தில் இருப்பவருக்கு நிலைமை தெரியும். நேர்முகத்தில் பிழையைப் பற்றிக் கேட்பதாக மேலே சொன்னேன். அங்கே வாயால் சொன்னதை இங்கே கையால் காட்டுகிறீர்களா என்று பார்ப்பார்கள்.

கூட வரும் போட்டியாளர் சரியாகப் பறக்காவிட்டால் எனக்கு நல்லதுதானே?

இல்லை. அவர் பறக்கும்போது நீங்கள் கண்காணிக்கும் விமானி, அதற்கும் உங்களுக்குப் புள்ளி உண்டு. ஐ.எல்.எஸ். கோட்டை விட்டு அவர் விலகும்போது நீங்கள் சொன்னீர்களா, அடுத்த அலைவரிசையை முன்கூட்டியே தயார் செய்து கொடுத்தீர்களா என்பது எழுதப்படும். மதிப்பீட்டுக்கு முன் காத்திருக்கும் அறையில் அவரோடு பேசி, யார் எதை உரத்துச் சொல்வது என்று ஒத்துக்கொள்ளுங்கள். அந்தப் பத்து நிமிடப் பேச்சு, பலருடைய தேர்வை மாற்றியதை நான் அறிவேன்.

கோ-அரவுண்ட் செய்தால் ஃபெயில் போடுவார்களா?

மாட்டார்கள். 1,000 அடியில் வேகம், சரிவு, திசை, விமானத்தின் அமைப்பு ஆகியவை ஒழுங்காக இல்லை என்றால் மேலே போய் மீண்டும் வருவதே சரியான முடிவு. ஒழுங்கற்ற நிலையில் வலிந்து இறக்குபவருக்கே புள்ளி குறையும். மேலே போகும்போது பிச், பவர் ஆகியவற்றை நீங்கள் மனப்பாடமாக வைத்திருந்தால் பதற்றம் இராது.

இறங்குமுகத்தில் இன்னொன்று: எங்கே இருக்கிறோம் என்பதை ஒரே கருவியை நம்பி முடிவு செய்யாதீர்கள். 1974 டிசம்பர் 4ஆம் திகதி, இந்தோனேசியாவிலிருந்து ஹஜ் பயணிகளுடன் கட்டுநாயக்க நோக்கி வந்த டி.சி.-8 விமானம் மஸ்கெலியாவில் ஏழு கன்னியர் மலையில் மோதி 191 பேரும் இறந்தனர். தாம் இருக்கும் இடத்தைத் தவறாகக் கணித்து, பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே இறங்கிவிட்டார்கள். நம் நாட்டு மலையில் நடந்தது இது. மூன்றால் பெருக்கும் கணக்கைத் தூரம் காட்டும் கருவியோடு ஒவ்வொரு ஆயிரம் அடியிலும் ஒப்பிட்டு உரத்துச் சொல்லும் பழக்கம் இதற்காகத்தான்.

என் மகளிடம் கல்யாணம், பிள்ளைகள் பற்றிக் கேட்பார்களா? அவள் என்ன சொல்ல வேண்டும்?

முறையான நிறுவனங்கள் கேட்பதில்லை. கேட்டால் கோபப்படாமல், "பணிப் பட்டியலின்படி எந்த நேரத்திலும் வேலைக்கு வருவதற்குத் தடை எதுவும் இல்லை" என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடலாம். விமானம் ஆண், பெண் பார்ப்பதில்லை. சுக்கானை முழுவதும் அழுத்தக் கால் எட்டுகிறதா என்று கதிரையைச் சரிசெய்துகொள்வது எல்லோருக்கும் பொதுவான முதல் வேலை.

தம்பி, மகனுக்குத் தந்த நேரம் இராகு காலத்தில் விழுகிறது. மாற்றித் தரச் சொல்லலாமா?

வேண்டாம் அம்மா. சிமுலேட்டர்கள் இரவு பகலாக ஓடுபவை, ஒரு குழு இறங்க அடுத்த குழு ஏறும். அதிகாலை 2 மணிக்கும் நேரம் தருவார்கள். முதல் நாளே பத்திரகாளி அம்மன் கோவிலில் அர்ச்சனை செய்து அனுப்பி வையுங்கள். அதைவிட முக்கியமான ஒன்று உங்கள் கையில் இருக்கிறது: இரவு பஸ்ஸில் விழித்துக்கொண்டே கொழும்புக்குப் போய், அப்படியே மதிப்பீட்டுக்குள் நுழைய விடாதீர்கள். ஒரு நாள் முன்னதாக அனுப்புங்கள். உறவினர் வீட்டில் நன்றாக உறங்கி எழட்டும்.

மூன்று வருஷமாகப் பறக்கவில்லை. முன்பு ஒரு இடத்தில் தோற்றும் இருக்கிறேன். மறைக்கலாமா?

இரண்டையும் மறைக்காதீர்கள். இடைவெளி பதிவேட்டில் திகதியுடன் தெரியும். 2020இல் உலகம் முழுவதும் விமானங்கள் நின்றதையும், 2022இல் நம் நாட்டில் எரிபொருளுக்கு வரிசையில் நின்றதையும் அவர்களும் அறிவார்கள். அந்தக் காலத்தில் என்ன வேலை செய்தீர்கள், கருவிப் பறத்தல் தகுதியைப் புதுப்பித்தீர்களா என்பதே கேள்வி. தோல்வியைப் பற்றிக் கேட்டால், என்ன காரணம் என்று அறிந்து எதைத் திருத்தினீர்கள் என்று சொல்லுங்கள். நான் அந்த 3,000 அடிக் கதையை அடுத்த நேர்முகத்தில் அப்படியே சொன்னேன். அங்கே எனக்கு வேலை கிடைத்தது.

ஒரு ஏஜென்ட் பணம் கட்டினால் வேலை உறுதி என்கிறார். நம்பலாமா?

நம்பாதீர்கள். சிமுலேட்டரில் பின்னால் இருப்பவரின் தாளை எந்த முகவராலும் நிரப்ப முடியாது. வெளிநாட்டு வேலை என்றால் அந்த முகவரகம் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதி பெற்றதா என்று நேரில் விசாரியுங்கள். பணம் கேட்கும் கடிதம் நிறுவனத்தின் பெயரில் வந்தால், நிறுவனத்தின் சொந்த முகவரிக்கு எழுதிக் கேளுங்கள். காணியை ஈடுவைத்துப் பயிற்சிக்கு அனுப்பிய குடும்பங்கள் இங்கே இருக்கின்றன. மிச்சமிருப்பதையும் இழக்க வேண்டாம்.

முடிந்த அன்றைக்கே என்ன செய்ய வேண்டும்?

வெளியே வந்ததும், யாரோடும் பேசுவதற்கு முன், ஒரு கொப்பியில் கேட்ட கேள்விகளையும், சிமுலேட்டரில் செய்த ஒவ்வொன்றையும், மதிப்பீட்டாளர் சொன்ன ஒவ்வொரு திருத்தத்தையும் எழுதுங்கள். ஊர் வரும்வரை வைத்திருந்தால் பாதி மறந்துவிடும். தேறாவிட்டால் மீண்டும் விண்ணப்பிக்க எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும் என்று அந்தக் கடிதத்திலேயே பாருங்கள். விறாந்தைப் படம் எங்கள் வீட்டில் இன்னும் சுவரில்தான் இருக்கிறது. நான் ஊரில் இருக்கும் நாள்களில் மாலை 5 மணிக்குப் பிறகு வரலாம், அந்தக் கொப்பியையும் கொண்டு வாருங்கள்.